இருபத்தைந்து எழுத்துகளின் வழக்கு

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு நிறுவன வரலாறு. நம் சங்கத்தின் வரலாற்றை எழுதத் தகுதியான பெரியவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். எனக்கு வேறொன்று எழுதத் தோன்றியது. கல்கத்தாவில் டாக்குரியா பாலத்தை இறங்கியதும் வரும் ஆஸ்பத்திரியை (மணிப்பால் என்று பெயர் மாறியும் நாம் இன்னும் ஆம்ரி என்றுதான் சொல்கிறோம்) சுற்றியுள்ள மருந்துக் கடைகளிலும் பரிசோதனை நிலையங்களிலும் நம்மவர்கள் கையில் கோப்போடு நிற்பதைப் பார்க்கிறேன். முன்பு அந்தக் கோப்பில் இ.சி.ஜி.யும் எக்கோவும் இருக்கும். இப்போது பத்துப் பதினைந்து பக்கத்தில் மரபணு அறிக்கை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. "நமக்குப் பரம்பரையிலேயே இருக்காம், குழந்தைகளுக்கும் வருமாம்" என்று சொல்லிவிட்டு வீட்டோடு தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

அந்த அறிக்கைகளில் தமிழர்களின் பெயரோடு அதிகம் அடிபடும் ஒரு மரபணு மாற்றம் உண்டு. அதை முதலில் கண்டவர்களில் மதுரைக்காரர்களும் உண்டு. அது குற்றவாளி என்று உலகம் நம்பியதும், அந்த நம்பிக்கை பின்னால் திருத்தப்பட்டதும் இருபது ஆண்டுகளுக்குள் நடந்தவை. தீர்ப்பின் முதல் பாதிதான் பலர் காதில் விழுந்திருக்கிறது. இரண்டாம் பாதி அவ்வளவாக ஊருக்கு வந்து சேரவில்லை. எனவே இந்த வரலாறு.

முதலில் நோய். இதயத்தின் இடது கீழறைச் சுவர் காரணமில்லாமல் தடித்துப்போவதை டாக்டர்கள் எச்.சி.எம். என்கிறார்கள். ரத்த அழுத்தமும் இல்லை, வால்வில் கோளாறும் இல்லை, ஆனாலும் பெரியவர்களுக்குச் சுவர் 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வருகிறது. நோயாளியின் உடன்பிறந்தார், பிள்ளைகள் என்றால் 13 மில்லிமீட்டரிலேயே கவனிக்கத் தொடங்குவார்கள். 1958ல் லண்டனில் டொனால்ட் டியர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், திடீரென்று இறந்துபோன இளைஞர்களின் இதயங்களை வெட்டிப் பார்த்து எழுதிய கட்டுரையோடு இந்த நோயின் நவீன வரலாறு தொடங்குகிறது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலோர் அதோடு முழு ஆயுளும் வாழ்கிறார்கள். சிலருக்கு மூச்சு வாங்கும். மிகச் சிலர் மைதானத்திலோ மாடிப்படியிலோ சரிந்துவிடுகிறார்கள். "சித்தப்பா முப்பத்தெட்டு வயசுல தூங்கப் போனவர் எழுந்திருக்கல" என்ற கதை நம் குடும்பங்களில் கேட்காததா?

குடும்பத்தில் ஓடுவது தெரிந்தது. எதன் வழியாக ஓடுகிறது என்பது 1990 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் சைட்மன் தம்பதியர் குழு, கனடாவின் கியூபெக் மாநிலத்துக் குடும்பம் ஒன்றில் எம்ஒய்எச்7 என்ற மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. 1995ல் பாரிஸிலும் பாஸ்டனிலுமாக இரண்டு குழுக்கள் இன்னொரு மரபணுவைப் பிடித்தன. அதன் பெயர் எம்ஒய்பிபிசி3. இதயத் தசை இழைகள் சுருங்கி விரியும்போது அவற்றின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு புரதத்தை அது செய்கிறது. எச்.சி.எம். நோயாளிகளில் மரபணுக் காரணம் கிடைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் கோளாறு. நம் கதை இரண்டாவதைப் பற்றியது.

இனி மதுரை. 1966ல் தொடங்கி, தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் என்ற தமிழறிஞரை முதல் துணைவேந்தராகக் கொண்ட மதுரைப் பல்கலைக்கழகம் பின்னர் காமராசர் பெயரைத் தாங்கியது. நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் போனவர்களுக்கு அந்த வளாகம் தெரியும்: மலை, வெயில், சீமைக்கருவேலம். அங்கே உயிரியல் புலம் வளர்ந்த விதம் தனியாக ஒரு மலர் போடத் தகுந்தது. வௌவால்களையும் உடலின் கடிகாரத்தையும் ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரன் அங்கே இருந்தார். மத்திய அரசு எண்பதுகளின் நடுவில் உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களில் மதுரையும் ஒன்று. மாவட்டத் தலைநகர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அன்றைக்கு அது சாதாரணப் பெருமை அல்ல. டெல்லியும் பெங்களூரும் மட்டுமே அறிவியல் செய்யும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பதிலாக இருந்தது.

அந்தப் புலத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர் சி. ராஜமாணிக்கம். அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் சக்திவேல் சடையப்பன். மரபணுவைப் படிக்க மதுரையில் ஆளிருந்தது. நோயாளிகள் வேண்டுமே! அவர்கள் திருவனந்தபுரத்தில் இருந்தார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டடத்தில் 1976ல் எம்.எஸ். வலியத்தானின் தலைமையில் இயங்கத் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், அதற்குள் தென்னிந்தியாவின் இதய நோய்க்குப் பெரிய புகலிடமாகியிருந்தது. அங்கே ஜகன்மோகன் தரகன் என்ற இதய மருத்துவர் எச்.சி.எம். குடும்பங்களைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். மூன்றாவது கண்ணி ஜெர்மனியின் பாட் நௌஹைம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதய நோயாளிகள் குளித்துக் குணம் தேடிப் போன ஊர் அது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று அங்கே இருந்தது. பாரிஸ் குழுவும் கைகொடுத்தது.

2003ல் இவர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில்தான் நம் மாற்றம் முதலில் அச்சேறுகிறது. எம்ஒய்பிபிசி3 மரபணுவின் 32ஆம் இன்ட்ரானில் 25 எழுத்துகள் விடுபட்டிருந்தன. இன்ட்ரான் என்பது புரதம் செய்யும்போது வெட்டி எறியப்படும் பகுதி. ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்பு அதற்குள்தான் இருக்கிறது. அது காணாமல் போனால் அடுத்து வரும் 33ஆம் துண்டு (இத்தகைய துண்டுகளை எக்ஸான் என்பார்கள்) முழுவதும் தவறி, புரதத்தின் வால் உருக்குலைந்துபோகும். இரண்டு நோயாளிக் குடும்பங்களில் இந்த விடுபாடு இருந்தது.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுவல்ல. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒருவருக்கொருவர் உறவில்லாத, நோயில்லாத 229 பேரையும் அவர்கள் சோதித்தார்கள். 16 பேருக்கு அதே விடுபாடு! நூற்றுக்கு ஏழு. ஆகவே அவர்கள் இதை நோயின் காரணம் என்று அறிவிக்கவில்லை. அந்தப் பகுதியில் பரவலாகக் காணப்படும் ஒரு மாறுபாடு, நோயின் போக்கை ஒருவேளை மாற்றலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். இந்த நிதானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2009 ஜனவரியில், நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வந்த கட்டுரை ஊரெல்லாம் செய்தியானது. மதுரையில் ஆய்வு மாணவராக இருந்த பெருந்துறை தண்டபாணி முதல் ஆசிரியர். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் தலைமை. சக்திவேல் சடையப்பன் அதற்குள் அமெரிக்கா போயிருந்தார், அவரும் உண்டு. அந்த மையத்தின் இயக்குநராக இருந்த லால்ஜி சிங், சண்டிகர், மும்பை, திருவனந்தபுரம், மதுரை மருத்துவர்கள், இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனம் என்று பெயர்ப் பட்டியல் நீளும். இந்திய நிறுவனங்கள் தலைமையேற்று, வெளிநாட்டார் துணைநின்ற ஆராய்ச்சி என்பதே அன்றைக்கு ஒரு செய்தி.

அவர்கள் சொன்னது இது. 800 இதயத்தசை நோயாளிகளையும் நோயில்லாத 699 பேரையும் ஒப்பிட்டால், 25 எழுத்து விடுபாடு நோயாளிகளிடம் மிக அதிகம். கணக்குப்படி ஆபத்து ஏழு மடங்கு. தற்செயலாக இப்படி வர வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. பிறகு நாடு முழுவதும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, வடகிழக்கு நீங்கலாக எங்கும் காணப்பட்டது. சராசரியாக நூற்றுக்கு நான்கு பேர். இது சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று கணித்தார்கள். பிள்ளை பெற்று முடித்த வயதுக்குப் பிறகே தொல்லை தருவதால் இயற்கைத் தேர்வு இதை அகற்றவில்லை என்று விளக்கம் தந்தார்கள். நூற்றுக்கு நான்கு என்றால் கோடிக்கணக்கான மனிதர்கள். செய்தித்தாள்கள் "இந்தியர்களின் இதய நோய் மரபணு" என்று தலைப்புப் போட்டன. பரிசோதனை நிலையங்கள் இந்த ஒன்றை மட்டும் சோதித்துச் சொல்லத் தயாராயின.

நான் இதை நல்ல ஆராய்ச்சி என்றுதான் மதிக்கிறேன். கணக்கில் பிழையில்லை, உயிரணுச் சோதனையிலும் புரதம் உருக்குலைவது தெரிந்தது. ஆனால் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவதும் நோயை உண்டாக்குவதும் ஒன்றா?

இந்தக் கேள்விக்குக் கல்கத்தாவில் ஒரு பரம்பரை உண்டு. 1937ல் மரபியலாளர்களான ஜே.பி.எஸ். ஹால்டேனும் ஜூலியா பெல்லும் லண்டனில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ரத்தம் உறையாத ஹீமோபிலியாவும் நிறக்குருடும் சில குடும்பங்களில் சேர்ந்தே இறங்குகின்றன என்று காட்டியது அது. நிறக்குருடு ரத்தத்தைப் பாதிக்காது, ஹீமோபிலியா கண்ணைப் பாதிக்காது. இரண்டும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதால் தலைமுறை தலைமுறையாகக் கைகோத்து வருகின்றன. அதே ஹால்டேன் 1957ல் இங்கிலாந்தை விட்டு வந்து, வடக்குக் கல்கத்தாவில் பி.டி. ரோட்டிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அதன் நிறுவனர் மகலனோபிஸ் அழைப்பில் சேர்ந்து, குர்தா போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார். மனிதக் கூட்டங்களுக்கிடையே உள்ள தூரத்தை அளக்க மகலனோபிஸ் செய்த சூத்திரமும், சி.ஆர். ராவின் கணிதமும் வளர்ந்த இடம் அது. எண்ணைக் கண்டதும் நம்பாதே, எண் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்று கேள் என்பதை அங்கே படித்தவர்கள் இன்றும் விடுவதில்லை.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு பெட்டியில் தொடர்ந்து பர்ஸ் திருடு போகிறது என்று வையுங்கள். திருட்டு நடந்த நாளெல்லாம் அந்தப் பெட்டியில் ஒரு கல்யாணக் கோஷ்டி இருந்திருக்கிறது. கோஷ்டியில் யார் கையும் சுத்தமில்லை என்று முடிவு கட்டுவதா, கூட்டத்தோடு கூட்டமாக ஏறிய ஒருவனைத் தேடுவதா? மரபணுவில் 25 எழுத்து விடுபாடு அந்தக் கல்யாணக் கோஷ்டி.

தேடலைத் தொடங்கியவர் மதுரை மாணவரே. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பேராசிரியராகியிருந்த சடையப்பனின் குழு, அந்நாட்டில் வாழும் தெற்காசியர் ஏறத்தாழ 2400 பேரைச் சோதித்து 2018ல் எழுதியது. நூற்றுக்கு ஆறு பேருக்கு விடுபாடு இருந்தது. அவர்களில் பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்தது. புரதத்தின் 389ஆம் கண்ணியில் அமினோ அமிலம் மாறியிருந்தது. இதயம் அளவுக்கு மீறி வேகமாகச் சுருங்கிய அறிகுறி அந்த இரட்டைச் சுமைக்காரர்களிடம் தெரிந்தது. விடுபாடு உள்ள எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது என்பது அப்போதே புலப்பட்டது. தான் முன்பு எழுதியதைத் தானே பிரித்துப் பார்க்கும் துணிவு எல்லா ஆய்வகங்களுக்கும் வாய்ப்பதில்லை.

2020ல் ஆக்ஸ்போர்டின் ஆண்ட்ரூ ஹார்ப்பரும் கூட்டாளிகளும் 5393 எச்.சி.எம். நோயாளிகளின் மரபணு வரிசையை எடுத்துக்கொண்டார்கள். விடுபாடு உள்ள நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினரிடம், மரபணுவின் வேறொரு இன்ட்ரானின் ஆழத்தில், ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்தது. சுருக்கமாக இதை மைனஸ் 52 என்பார்கள். எக்ஸான் தொடங்குவதற்கு 52 எழுத்து முன்னால் இருப்பதால் அந்தப் பெயர். இந்த ஒற்றை எழுத்து, இன்ட்ரான்களை வெட்டி எக்ஸான்களை ஒட்டும் வேலையைக் கெடுக்கிறது. வழக்கமான பரிசோதனைகள் எக்ஸான்களையும் அவற்றின் ஓரங்களையும் மட்டுமே படிப்பதால் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. என்றோ ஒரு மூதாதையரிடம், 25 எழுத்து விடுபாடு ஏற்கனவே இருந்த குரோமோசோமில் இது புதிதாக ஏறியிருக்கிறது. அன்று முதல் இரண்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. இதைக் கணக்கில் சேர்த்ததும் ஏழு மடங்கு ஆபத்து முழுவதும் மைனஸ் 52 பக்கம் போய்விட்டது. 25 எழுத்து விடுபாடு மட்டும் இருப்பவருக்கு எச்.சி.எம். ஆபத்து கூடுதலாக இல்லை என்பதும், அதைத் தனியாகச் சோதிக்கக் கூடாது என்பதும் அவர்கள் முடிவு. மைனஸ் 52 அவர்கள் பார்த்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவரிடம் இருந்தது, எச்.சி.எம்.மை உண்டாக்கும் மாற்றங்களில் அடிக்கடி காணப்படுபவற்றில் அதுவும் ஒன்று.

2003ன் நிதானமும் 2020ன் முடிவும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன! அதனால் 2009 வீண் என்று சொல்லமாட்டேன். அந்தக் கட்டுரை இல்லையென்றால் தெற்காசிய இதயங்களின் மரபணுவை இவ்வளவு உன்னிப்பாக யாரும் தேடியிருக்கமாட்டார்கள். திருடன் அந்தப் பெட்டியில்தான் இருந்தான் என்பது வரை அது சரி. என் குறை வேறு இடத்தில். முதல் செய்திக்கு முதல் பக்கம் கொடுத்தவர்கள் திருத்தத்துக்கு உள்பக்கத்தில் ஒரு பத்தி கூடக் கொடுக்கவில்லை.

இந்த ஒரு மாற்றத்துக்கு நேர்ந்தது மரபணுக்களுக்கே நேர்ந்திருக்கிறது. எச்.சி.எம்.முக்குக் காரணம் என்று பரிசோதனைப் பட்டியல்களில் ஏறியிருந்த 33 மரபணுக்களை 2019ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு ஆதாரத்தோடு தட்டிப் பார்த்தது. குடும்பங்களில் நோயோடு சேர்ந்து இறங்கியதா, எத்தனை குடும்பங்களில், ஆய்வகத்தில் செயல் நிரூபணம் உண்டா, எதிர்ச்சான்று உண்டா என்று மதிப்பெண் போட்டார்கள். உறுதியாகத் தேறியவை 8; ஓரளவு தேறியவை 3. மற்ற 22க்கும் ஆதாரம் குறைவு, அல்லது இல்லவே இல்லை. இதயம் விரிந்து பலவீனமாகும் டி.சி.எம். நோய்க்கு 2021ல் இதே வேலை நடந்தது: 51 மரபணுக்களில் 12க்கு வலுவான ஆதாரம், 7க்கு மிதமானது. பட்டியல் நீளமாக இருந்தால் பரிசோதனை நல்லது என்று நினைப்பவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். நீளப் பட்டியல் பெரும்பாலும் "பொருள் தெளியாத மாறுபாடு" என்ற குழப்பத்தையே கூடுதலாகத் தருகிறது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், ஒப்பிட்டுப் பார்க்க நம் ஆட்களின் மரபணுக்கள் போதாமல் இருந்தது. 2016ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதை முகத்தில் அறைந்தாற்போல் காட்டியது. எச்.சி.எம். உண்டாக்குபவை என்று முத்திரை குத்தப்பட்டிருந்த சில மாற்றங்கள் கறுப்பின மக்களிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. ஆரம்ப ஆய்வுகளின் ஒப்பீட்டுக் கூட்டத்தில் அவர்கள் போதிய அளவு இல்லாததால் நோய்க் காரணமென்று தவறாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நமக்கும் அதே நிலைதான். இதற்கான மருந்தில் ஒரு பகுதி நம் மாநிலத்திலேயே தயாராகிறது. கல்யாணியில் 2009ல் நிறுவப்பட்ட தேசிய உயிரிமருத்துவ மரபணுவியல் நிறுவனம், 10,000 இந்தியர்களின் முழு மரபணுவைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் 20 நிறுவனங்களில் ஒன்று. அந்தத் தரவு 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. டாக்குரியாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜாதவ்பூரில் இருக்கும் இந்திய வேதி உயிரியல் நிறுவனமும் அதற்கு முந்தைய இந்திய மரபணு வேறுபாட்டுத் திட்டத்தில் பங்கெடுத்ததுதான்.

இனி உங்கள் கையிலிருக்கும் கோப்புக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை; டாக்டரிடம் எதைக் கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். குடும்பத்தில் யாருக்காவது எச்.சி.எம். இருந்தால், முதலில் செய்ய வேண்டியது உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இ.சி.ஜி.யும் எக்கோவும். மரபணுச் சோதனையை நோயுள்ளவரிடம் தொடங்க வேண்டும்; அவரிடம் காரணம் உறுதியான பிறகே மற்றவர்களைச் சோதிப்பதில் பொருள் உண்டு. அறிக்கையில் "நோய் உண்டாக்குவது" என்று இருக்கிறதா, "பொருள் தெளியாதது" என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால் அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள், கல்யாணப் பேச்சை நிறுத்துவது உட்பட. எம்ஒய்பிபிசி3ல் 25 எழுத்து விடுபாடு என்று இருந்தால், மைனஸ் 52ஐயும் 389ஆம் கண்ணி மாற்றத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். 2020க்கு முந்தைய அறிக்கை என்றால் மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். வகைப்பாடுகள் மாறுகின்றன, தாள் மட்டும் மாறாமல் பீரோவில் கிடக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்துக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக ஊரையும் கல்கத்தாவையும் இணைத்து வாழ்பவை. யார் எந்த வயதில், எப்படி இறந்தார் என்பது பாட்டிகளுக்கும் அத்தைகளுக்கும் மட்டுமே தெரியும். அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து ஒரு தாளில் குடும்ப மரம் போட்டு, இறந்த வயதையும் காரணத்தையும் குறித்துவையுங்கள். பரம்பரை இதய நோயில் எந்த மரபணு மருத்துவரும் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.